ரத்தம் பார்க்கச் சொன்ன அக்கா

என் அக்காவின் கணவர் எய்ட்ஸில் செத்தார். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பஞ்சு மார்க்கெட் வரை அவர் வீட்டார் ஒட்டிய சுவரொட்டியில் 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டிருந்தது. படத்தில் கன்னம் உப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பு எடுத்த படம். என்ன நோய் என்று கேட்ட கடைக்காரர்களுக்கு மஞ்சள் காமாலை என்று பதில் சொன்னார்கள். மில் முதலாளிகளுக்குக் கொஞ்சம் கௌரவமாக ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆளுக்குத் தக்க நோய். நெருங்கிய சொந்தக்காரர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி வேறொன்று சொன்னார்கள்: "வந்தவ கொண்டாந்த சீக்கு." வந்தவள் என் அக்கா.

அந்த வீட்டாரைத் திருத்துவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் திருந்துகிற ரகம் இல்லை. என் அக்கா என்ன செய்தாள் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அவளோடு கூடவே இருந்தவள் நான் ஒருத்திதான்.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டாள். எண்பதுகளின் கடைசியில் அக்காவுக்கு ராஜபாளையத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பேண்டேஜ் துணி நெய்து வடக்கே அனுப்புகிற குடும்பம். சொந்தமாக விசைத்தறிக் கூடம், மாடி வீடு, கார். அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். மாமியார்க்காரி மாப்பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பிரசங்கமே செய்தாள். "எம்மவன் வெத்தல கூடப் போட மாட்டான்" என்றாள். வெற்றிலை போடாதவன் யோக்கியன் என்பது அந்தம்மாளின் கணக்கு. அப்பாவும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

அவரை அத்தான் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அப்படியே எழுதுகிறேன். மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அத்தானும் அவருடைய தம்பியும் சரக்கு விஷயமாக அடிக்கடி பம்பாய் போவார்கள். பெரும்பாலும் சேர்ந்தேதான் போவார்கள். திரும்பி வரும்போது செண்ட் வாசனை, புதுச் சட்டை, அக்காவுக்கு ஒரு சேலை. அங்கே இரண்டு பேரும் சாயங்காலங்களை எங்கே கழித்தார்கள் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. தறி ஓட்டுகிற பையன் ஒருநாள் சாராயம் குடித்துவிட்டு வந்தான் என்று அவனை வேலையை விட்டே நிறுத்திய குடும்பம் அது. ஒழுக்கமெல்லாம் கூலிக்காரனுக்குத்தான்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, பால் கட்டிப்போய், கொஞ்ச நாளிலேயே பால் வற்றிவிட்டது. "பிள்ளைக்குப் பால் குடுக்கத் துப்பில்ல" என்று மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். குழந்தை டப்பாப் பாலில் வளர்ந்தது.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் அத்தான் படுத்தார். முதலில் விட்டுவிட்டு வந்த காய்ச்சல். பிறகு நிற்காத வயிற்றுப்போக்கு. வாய்க்குள் தயிர் அப்பியதுபோல் வெள்ளை படிந்தது. ஓங்குதாங்கான உடம்பு சட்டைக்குள் காணாமல் போனது. வீட்டில் செய்வினை என்றார்கள். மலையாளத்து மந்திரவாதி ஒருவரைக் காரில் கூட்டிவந்து, கோழி அறுத்து, நடுவீட்டில் எதையோ தோண்டி எடுத்தார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் மூலிகை பறிக்கிறவர் ஒருவர் ஏதோ கஷாயம் கொடுத்தார். எதற்கும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டர் வெளிநாட்டுப் பட்டங்களைப் பித்தளையில் பொறித்து வாசலில் மாட்டியிருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து அந்தப் பெரிய மனிதர் அறைக்குள் கால் வைக்கவில்லை. கதவருகே நின்று, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லும்போது அக்காவிடம், "தட்டு, டம்ளரைத் தனியா வைம்மா. எச்சில் படாமப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். என்ன நோய் என்பதை அவளிடம் சொல்லவே இல்லை. கொழுந்தனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா அந்த மனிதனோடு ஒரே படுக்கையில் படுத்தவள், அவனுடைய குழந்தையைப் பெற்றவள். அவளுக்கு எச்சரிக்கை டம்ளரைப் பற்றி!

நான் அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு அக்காவுக்கு ஒத்தாசையாக ராஜபாளையம் போனேன். அத்தானை மாடியில் பின்பக்க அறையில் போட்டிருந்தார்கள். முதுகில் படுக்கைப் புண். சீழ் கசிந்தது. கீழே கிடங்கில் பேண்டேஜ் துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது. "விக்கிற சரக்குல கை வைக்காத" என்று கொழுந்தன் சொல்லிவிட்டதால், அக்கா தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கொதிக்க வைத்துக் காயப்போட்டு அந்தப் புண்ணுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பெற்ற தாய் அந்த அறைக்குள் வரவில்லை. உடன்பிறந்த தம்பி வரவில்லை. மாமியார் மாடிப்படியின் பாதியில் நின்று, "ஐயா, சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டு அழுவாள். அழுது முடித்துவிட்டுக் கீழே போய்க் கையைக் கழுவுவாள்.

ஒரு மத்தியானம் அக்கா அவர் வாய்க்குள் படிந்திருந்த வெள்ளையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எனாமல் பேசினைப் பிடித்திருந்தேன். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பம்பாய் டாக்டர் அப்பவே சொன்னான்" என்றார்.

"எப்ப?"

"பாப்பா வயித்துல வாரதுக்கு முன்னால. ரத்தம் எடுத்துப் பாத்துட்டுச் சொன்னான். பொண்டாட்டி கூடச் சேரக் கூடாது, சேந்தா உறை போட்டுக்கணும்னு சொன்னான்."

அக்காவின் கை நின்றது. "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"அம்மாவுக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாது."

"சொன்னா நீ என்னைய விட்டுட்டுப் போயிருவன்னு..." என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். எனக்கு அந்தப் பேசினை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. அக்கா மிச்சத்தையும் துடைத்து முடித்தாள். துணியைப் பேசினில் போட்டாள். பிறகு கீழே இறங்கிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

மாமியார் அடுப்படியில் இருந்தாள். "அத்தை, அவியளுக்கு என்ன சீக்குன்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று அக்கா கேட்டாள்.

அந்தம்மாள் திடுக்கிடக்கூட இல்லை. "ஆம்பள நாலு ஊரு போறவன். அப்பிடி இப்பிடித்தான் இருப்பான். ஒனக்குத் தெரிஞ்சு நீ என்ன செஞ்சுருப்ப?"

"பிள்ள பெத்துருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல. வம்சம் வேண்டாமா?"

வம்சம்! சொன்னவள் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். பிள்ளைக்கு நோய் இருக்குமோ இருக்காதோ என்ற நினைப்புகூட அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. பிற்பாடு அந்த நினைப்பு வந்தபோது அவள் பேத்தியைத் தொடுவதை நிறுத்திக்கொண்டாள்.

அத்தான் அந்த மாதமே செத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தன் அப்பாவுக்கு ஆளனுப்பி, "ஒங்க மகளக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டான். அக்காவின் பாயையும் தலையணையையும் அவள் கண்முன்னாலேயே கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். நகைகளுக்கு மட்டும் நோய் ஒட்டவில்லை போலிருக்கிறது. அவற்றை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மதுரையில் அக்காவுக்கு ரத்தம் பார்த்தோம். இருந்தது. அங்கே ஒரு பெண் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் என்று உண்டு, அவைதான் உடம்புக்குக் காவல், இந்தக் கிருமி அந்தக் காவலுக்குள்ளேயே புகுந்து பெருகி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் என்றார். கிருமி இருப்பது வேறு, எய்ட்ஸ் என்பது வேறு. கிருமி ஏறிய பிறகும் ஆள் பல வருஷம் நன்றாக நடமாடுவார், வேலை பார்ப்பார், பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் காலத்திலும் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். காவல் முழுக்க விழுந்த பிறகு காசநோயும் நிமோனியாவும் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டத்துக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். "கிருமி நேராக் கொல்றதில்ல. கதவத் தொறந்து விடுது. கொல்றது உள்ள வர்ற மத்த நோய்" என்றார். குழந்தைக்கு இப்போதே பார்த்தால் குழப்பம் வரும், தாயின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஒன்றரை வயது வரைகூடக் குழந்தை உடம்பில் தங்கியிருக்கும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கொசு கடிச்சா வருமா?" என்றார்.

"வராது."

"ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா?"

"வராது. பக்கத்துல படுத்தா, தொட்டா, ஒரே கக்கூஸைப் பயன்படுத்தினா, எதுலயும் வராது."

அப்பா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து அக்காவின் தட்டைத் தனியாக ஜன்னல் மேல் வைத்தார். சீன எல்லையில் பனியில் நின்ற கதையை வருகிறவர்களிடமெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு சொல்கிற மனிதர், ஒரு எவர்சில்வர் தட்டுக்குப் பயந்தார்.

தெரு அதற்கும் மேலே. குழாயடியில் அக்கா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி தன் பெண்ணிடம், "அக்கடிக்கிப் போவொத்து" என்று தெலுங்கில் சொல்லுவாள். அங்கே போகாதே என்று அர்த்தம். எங்களுக்குப் புரியாது என்று நினைப்பு. இந்தப் பக்கத்தில் அந்த அளவுத் தெலுங்கு தெரியாதவர்கள் யார்? அவளுடைய அந்தப் பெண் வளையல் கடையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். எத்தனையோ பேருக்குக் குத்திய ஊசியைக் கொதிநீரில்கூடப் போடாமல் குத்துகிற கடை அது. அந்த ஊசிக்கு ஒருவரும் பயப்படவில்லை. குடத்துக்குப் பயந்தார்கள். ஆடிப்பூரத் தேருக்கு லட்சக்கணக்கான ஜனத்தோடு உரசிக்கொண்டு வடம் பிடிக்கிற இவர்கள், என் அக்கா தெருவில் நடந்தால் ஓரமாக ஒதுங்கினார்கள்.

அக்கா இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. தையல் மிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. தெருவில் யாரும் துணி கொடுக்கவில்லை. எனக்கும் பிள்ளைக்கும் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து, கொழுந்தனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்னார். கான்சாபுரத்தில் பெண். தென்னந்தோப்பும் நஞ்சையும் உள்ள சம்சாரி வீடு. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வந்தவர் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அக்கா தையலை நிறுத்தினாள். "ஏட்டி, வத்திராயிருப்பு பஸ் காலையில எப்ப?" என்றாள்.

"எதுக்குக்கா?"

"கான்சாபுரம் போணும். அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"அவனுக்கு இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இருக்குன்னு எனக்குத் தெரியாது. இல்லன்னும் தெரியாது. அண்ணன் போன எடத்துக்கெல்லாம் தம்பியும் போயிருக்கான். பாத்துட்டுத் தாலி கெட்டட்டும்னு சொல்லுதேன். எனக்கு யாராவது வந்து சொல்லிருந்தா நான் கேட்டுருப்பேன்லா?"

போகக் கூடாது என்று அப்பா கத்தினார். மானம் போகும் என்றார். போவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் கேட்டேன். மறுநாள் காலை பிள்ளையை அப்பாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

பெண்ணின் தகப்பனார் களத்தில் தேங்காய் உரிப்பதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கனத்த சரீரம். யாரென்று தெரிந்ததும் முகம் சுளித்தது. உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றுகொண்டே, வந்த விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். தன் புருஷன் எப்படிச் செத்தார், தனக்கும் அது இருக்கிறது, மாப்பிள்ளைக்கு ஒருதடவை ரத்தம் பார்த்துவிட்டுக் கல்யாணத்தை வையுங்கள் என்றாள்.

"புருசன முழுங்கிட்டு, இப்ப அடுத்தவன் குடியக் கெடுக்க வந்தியா?" என்றார் அவர்.

"குடி கெடக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"ஒனக்குச் சொத்துல பங்கு தரலன்னு அவம் மேல பழி போடுத. எனக்குத் தெரியாதா? அவுக அப்பவே சொன்னாக, இப்பிடி ஒருத்தி வருவான்னு."

பார்த்தீர்களா, முன்னேற்பாட்டை! ரத்தம் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு இதற்கு நேரம் இருந்திருக்கிறது. அந்தத் தகப்பனாரோ, தன் தோப்புக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, கால் பார்த்து வாங்குகிறவர். மகளைக் கொடுக்கும் இடத்தில் மாடி வீட்டை மட்டும் பார்த்தால் போதும் அவருக்கு. "போங்க வெளிய. தெருவுல நின்னு பேசுனா ஆளவிட்டு அடிப்பேன்" என்றார்.

நாங்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். தோப்பு முடிகிற இடத்தில், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் எங்களை எட்டிப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. கட்டை இறக்கிப் போட்டாள்.

"நாந்தான் அந்தப் பொண்ணு" என்றாள். "நீங்க அய்யாட்ட சொன்னதத் தொழுவத்துல நின்னு கேட்டேன். செத்த நேரம் நில்லுங்க. அது எப்பிடி வரும்? நெசமாச் சொல்லுங்க."

அக்கா அவளை வரப்பில் உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தாள். நான் விலங்கியல் படித்தவள். எனக்குச் சொல்லக் கூச்சமாயிருந்த வார்த்தைகளை அக்கா கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"நாலு வழிதான். சீக்கு உள்ள ஆளோட உறை இல்லாமப் படுத்தா வரும். ஆம்பளட்ட இருந்து பொம்பளைக்கும் வரும், பொம்பளட்ட இருந்து ஆம்பளைக்கும் வரும். சீக்கு உள்ளவுக ரத்தத்த ஏத்துனா வரும். அவுகளுக்குப் போட்ட ஊசியக் கொதிக்க வைக்காம அடுத்தவுகளுக்குப் போட்டா வரும். பொறவு, தாய்ட்ட இருந்து பிள்ளைக்கு. வயித்துல இருக்கும்போது, பெறும்போது, பால் குடுக்கும்போது."

"எல்லாப் பிள்ளைக்கும் வருமா?"

"இல்ல. சில பிள்ளைக்கு வரும், சிலதுக்கு வராது. எம்பிள்ளைக்கு இன்னும் தெரியல."

அந்தப் பெண் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆளப் பாத்தாத் தெரியாதா? அவுக நல்லாத்தான இருக்காக."

"எம்புருசனும் நல்லாத்தான் இருந்தாரு. எம்புட்டோ வருசம். நானே இப்ப எப்பிடி இருக்கேன்? தெரியுதா?"

"தெரியல."

"அதான். ரத்தம் பாத்தாத்தான் தெரியும். அதுவும் ஒருதடவ பாத்தாப் பத்தாது. புதுசா ஏறிருந்தா ஒடனே காட்டாது. மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கப் பாக்கணும்."

"பாக்க மாட்டேன்னுட்டா?"

"அப்ப நீ அவனக் கெட்டிக்கிட மாட்டேன்னு சொல்லு."

பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் போனாள். அவளால் அந்தத் தகப்பனை எதிர்த்து நிற்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. பஸ்ஸில் அக்கா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அப்போதே அவளுக்குச் சீக்கிரம் களைப்பு வர ஆரம்பித்திருந்தது.

நிச்சயதார்த்தத்தில் நடந்ததை அந்தப் பெண்ணே பிற்பாடு என்னிடம் சொன்னாள். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் அவள் உள்ளறையிலிருந்து வந்து, சபையில் நின்று, "மாப்பிள ரத்தம் பாத்துட்டு வரட்டும். நானும் பாக்கேன். பொறவு தட்டு மாத்துங்க" என்றாளாம். ஜோசியர் கையில் ஜாதகத்தோடு வாயைப் பிளந்தபடி இருந்திருக்கிறார். ஒன்பது கிரகமும் எங்கே இருக்கிறது என்று பார்த்தவருக்கு, இது எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை, "என்னையச் சந்தேகப்படுதியா?" என்று எகிறினானாம். "சந்தேகம் இல்லன்னு காட்டுங்க" என்று இவள் சொல்ல, தகப்பனார் சபையிலேயே கன்னத்தில் அறைந்திருக்கிறார். அவள் அழுதுகொண்டே அதையே திரும்பச் சொன்னாளாம். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்கள். அவ்வளவு வேகமாக அவமானப்பட்டுக்கொண்டவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு சொட்டு ரத்தம் கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

இரண்டொரு நாளில் அந்தக் கார் எங்கள் தெருவுக்கு வந்தது. நல்ல வெயில் நேரம். கொழுந்தனும் மாமியாரும் இறங்கி, தெருவே வேடிக்கை பார்க்க, என் அக்காவைச் சொல்லக் கூடாத வார்த்தைகளால் திட்டினார்கள். குழாயடியில் எங்களைக் கண்டு ஒதுங்கியவர்கள் எல்லாம் வசதியான இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

அக்கா வாசலுக்கு வந்தாள். "கொழுந்தனாரே, சத்தம் போடாதீக. இப்பவே காரத் திருப்புங்க, மதுரைக்குப் போவம். நானும் கூட வாரேன். ரத்தம் குடுங்க. ஒன்னுமில்லன்னு வந்துட்டா நானே கான்சாபுரம் போயி, அவிய கால்ல விழுந்து ஒங்களுக்குப் பொண்ணு கேக்கேன்."

அவன் வண்டிக்கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபம்போல் முகத்தை வைத்திருந்தான், ஆனால் முகத்தில் இருந்தது பயம். அதை அன்றைக்குத் தெருவே பார்த்தது. அவனுக்கும் தெரிந்துகொள்ளப் பயம். தெரிந்துகொள்ளாமல் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்ட மட்டும் பயமில்லை.

மாமியார்க்காரி மறுபடி ஆரம்பித்தபோது உள்ளே இருந்து அப்பா வந்தார். தோளில் பேத்தி. "ஏலே, அவ கேக்காள்ல? ஆம்பளயா இருந்தா போயி ரத்தம் குடுலே. இல்லன்னா எந்தெருவ விட்டுப் போ" என்றார். ராணுவத்தில் கத்திப் பழகிய குரல். கார் போய்விட்டது.

அன்று மத்தியானம் அப்பா அக்காவின் தட்டை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அதைப் பெரிய தியாகமாக நான் எழுதப்போவதில்லை. மதுரை டாக்டர் சொன்னது மண்டைக்குள் போய்ச்சேர அவருக்கு அத்தனை காலம் பிடித்தது.

பிள்ளைக்கு ஒன்றரை வயது தாண்டியதும் மதுரையில் ரத்தம் பார்த்தோம். இல்லை. மறுபடி பார்த்தோம். இல்லை. பால் அதிகம் கொடுக்காமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பால் கொடுக்கத் துப்பில்லை என்று ஏச்சு வாங்கியவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். வியாதி வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கொழுந்தன் ரத்தம் பார்க்கவில்லை. எங்கோ வடக்கே, விவரம் தெரியாத ஊரில், ஏழைப்பட்ட இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்து மாதங்களான பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எந்த ஊர்ப் பெண் என்பதைக்கூட மூடி மறைத்துவிட்டார்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அந்தச் செய்தி எட்டியபோது எழுந்து உட்காரத் தெம்பில்லை. "யாரு பெத்த பிள்ளையோ" என்று மட்டும் சொன்னாள்.

காசநோயில்தான் அவள் போனாள். கிருமியை அடக்கிவைக்கிற மாத்திரைகள் வெளிநாட்டில் வந்துவிட்டன என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டுகிற காலம் அப்போது வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், மாசி மாதம் ஒரு பகலில், என் மடியில் தலை வைத்தபடி மூச்சு நின்றது.

குளிப்பாட்ட ஆள் இல்லை. சொந்தக்காரப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று ஒப்பாரி வைத்தார்கள். ராகத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வரத்தான் ஒருத்திக்கும் முடியவில்லை. நான் தனியாக வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி வாசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். கான்சாபுரத்துப் பெண். விருதுநகர்ப் பக்கம் ஒரு போலீஸ்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் ரத்தம் பார்க்கச் சொன்னபோது அந்த மனிதர் சரி என்று போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம். அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பெரிய வீரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அக்கா உடம்பில் புண் இருந்த இடங்களுக்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் அவளைக் குளிப்பாட்டினோம். தலைக்குச் சீயக்காய் தேய்த்தது அவள்தான். சிக்கெடுத்து, ஈரம் துவட்டி, வகிடு எடுத்துச் சீவிவிட்டாள். அப்போதுதான் அவள் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை எனக்குச் சொன்னாள்.

எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் வீட்டைக் கழுவிவிட்டு, குளித்து, ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். பஸ்ஸில் ஏறுமுன் நின்று, "எங்க அய்யா அக்காள அன்னைக்குக் களத்துல வச்சுப் பேசுன பேச்சுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

"நீ எதுக்குக் கேக்க? அவிய வந்து கேக்கட்டும்" என்றேன்.

கான்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ் தூரம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் ஓரத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைச் சேவிக்க அந்தத் தகப்பனார் இந்த ஊருக்கு வந்துபோவதுண்டு என்று கேள்விப்பட்டேன். எங்கள் தெருவுக்கு வரவில்லை.